பாதி ஷட்டர்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுதினால் பொய். நீ நலமா என்று கேட்பது மட்டும் நிஜம். உள்ளே வந்ததிலிருந்து நீ ஒரு தடவைகூட என்னைப் பார்க்க வரவில்லை. எழுதிய கடிதங்களுக்குப் பதிலும் இல்லை. ஜெயில் தபாலைப் பிரித்துப் படிப்பார்களே, அதனால்தான் நீ எழுதவில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். இதை ஒட்டி வக்கீலின் குமாஸ்தா கையில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு. மூஞ்சியைப் பார்த்துப் பயந்துவிடாதே, அவருக்கு முகமே அப்படித்தான்.

இங்கே எனக்குப் பெயர் கடைக்காரன். வந்த புதிதில் ஒருவன் என் சாப்பாட்டுத் தட்டைப் பிடுங்கினான். அதே தட்டின் விளிம்பால் அவன் மூக்கில் ஒன்று விட்டேன். எலும்பு நொறுங்கியது எனக்கே கேட்டது. மிச்சச் சோற்றில் அவன் ரத்தம் சொட்டியது. அதன் பிறகு யாரும் என்னிடம் வாலாட்டுவதில்லை. ஆனால் பெயர் அதனால் வரவில்லை, உன் விளையாட்டால் வந்தது.

என்னோடு அறையில் இரண்டு பேர். கூட்டாளியைக் குத்திப்போட்ட ஒரு சமையல்காரன், ஆள்மேல் வண்டியை ஏற்றிவிட்டு வந்த ஒரு லாரி டிரைவர். பொழுது போகாமல், நீ கம்ப்யூட்டரில் செய்துகொண்டிருக்கும் 'பாதி ஷட்டர்' விளையாட்டை அவர்களுக்குக் கதையாகச் சொன்னேன். ஊரெல்லாம் செத்தவர்கள் ஜாம்பிகளாக எழுந்து திரிகிறார்கள், ஒரே ஒரு மளிகைக் கடை மட்டும் திறந்திருக்கிறது. ஷட்டர் முழங்கால் உயரத்துக்குத்தான் தூக்கியிருக்கும், வெளியே நிற்பவர்களின் கை மட்டும் உள்ளே வரும். உயிருள்ள கை என்றால் கேட்டதைக் கொடுத்து, அது கொண்டுவந்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். ஜாம்பியின் கை என்றால் கைக்கோடாலியால் ஒரே போடு. யோசித்துக்கொண்டு நின்றால் அது ஷட்டரைத் தூக்கிவிடும், மொத்தக் கூட்டமும் புகுந்து கடைக்காரனைக் குடலோடு தின்னும். சமையல்காரனுக்கு அந்தக் கட்டம் ரொம்பப் பிடித்துவிட்டது.

இப்போது நாங்கள் அதையே இங்கே ஆடுகிறோம். கதவுக்கடியில் தட்டு தள்ளுகிற சந்து ஒன்று இருக்கிறது. நான் உள்ளே குப்புறப் படுத்துக்கொள்வேன், வராந்தாவில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கையை நீட்டுவார்கள், யார் கை என்று நான் சொல்ல வேண்டும். சமையல்காரன் சாம்பலைப் பூசிக்கொண்டு நீட்டினான். டிரைவர் வேறொருவன் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு நீட்டினார். நகத்தையும் கணுவையும் பார்த்தே சொல்லிவிட்டேன். இதுவரை ஒரு கைகூடத் தப்பவில்லை. உன் விளையாட்டை ஆரம்பத்திலிருந்து ஆடிப் பார்த்துக் குற்றம் குறை சொன்னவன் நான்தானே?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வக்கீல் ஒரு வழி சொல்கிறார். "உங்கக்கா கூண்டுல ஏறி, இவன் எந்நேரமும் அந்த விளையாட்டையே ஆடிட்டிருந்தான், கலவரத்துல கையைப் பார்த்ததும் புத்தி தடுமாறி ஜாம்பி கைன்னு நெனச்சு வெட்டிட்டான்னு சொன்னா போதும், நான் பார்த்துக்கிறேன்" என்றார். நீ சொல்லாவிட்டால் பத்து வருஷத்துக்குக் குறையாதாம். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். உன் சதை ஆடுகிறதா என்று பார்க்கிறேன்.

உன் தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

நான் பதில் எழுதாததற்கும் ஜெயில் தபாலுக்கும் சம்பந்தம் இல்லை. பேனாவை எடுத்தால் உன்னைத் திட்டத்தான் வந்தது. இப்போதும் அதே நிலைதான்.

மூக்கை உடைத்த கதையைப் படித்து நான் சிரிப்பேன் என்று நினைத்தாயா? கடை எப்படி இருக்கிறது என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சொல்கிறேன். ஷட்டரின் அடிப்பட்டையில் கோடாலி பட்ட வெட்டுகள் அப்படியே இருக்கின்றன. தரையை நானே கழுவினேன். சோப்புத்தூள், பிளீச்சிங் பவுடர், எல்லாம் நம் கடைச் சரக்கு. சிமெண்ட் குடித்த ரத்தம் போகவில்லை, அதன் மேல் அரிசி மூட்டையை இழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். அறுந்த விரல்களைப் போலீஸ்காரர்கள் பொறுக்கிக்கொண்டு போனார்கள். ஒன்றை விட்டுவிட்டார்கள். பிஸ்கட் டப்பாவை நகர்த்தியபோது அது எனக்குத்தான் அகப்பட்டது. ஒரு பாலிதீன் பையில் போட்டு நானே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். இனி இது எதற்கும்மா என்று நர்ஸ் கேட்டாள்.

எதிர்க்கடைத் தையல்காரர் பிழைத்துவிட்டார் என்று வக்கீல் சொல்லியிருப்பார். எப்படிப் பிழைத்தார் என்று சொல்லியிருக்க மாட்டார். முதலில் மணிக்கட்டு வரை எடுத்தார்கள். சீழ் பிடித்து மேலே ஏறியது. முழங்கைக்குக் கீழே மறுபடியும் அறுத்தார்கள். கூட்டம் அவர் முதுகில் ஏறி மிதித்ததில் விலா எலும்பும் போய்விட்டது. மயக்கம் தெளியும்போது இல்லாத கையால் கத்தரிக்கோலைத் தேடினார். மெத்தையெல்லாம் தடவித் தேடினார்.

அன்றைக்கு நான் கடைக்குப் பின்னால் இருக்கும் கிடங்கில்தான் இருந்தேன், உனக்குத் தெரியும். தெருவில் காலையிலிருந்து கூச்சல். அதைக் கேட்க வேண்டாம் என்றுதான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு விளையாட்டின் வெட்டுச் சத்தத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நீ பூசணிக்காயைக் கோடாலியால் வெட்ட, நான் பதிவு செய்தோமே, அந்தச் சத்தம். எத்தனை திருத்தியும் சப்பென்று இருந்தது. சலித்துப்போய் ஹெட்போனைக் கழற்றினேன். முன்பக்கமிருந்து ஒரு வெட்டு கேட்டது. இதுதான், இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன், தம்பி. நீ மறுபடியும் காய் வெட்டிப் பார்க்கிறாய் என்று மைக்கை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். நீ மூன்றாவது வெட்டுக்குக் கோடாலியை ஓங்கியிருந்தாய். நான் மைக்கோடு நின்றேன்.

நீ கேட்டதைக் கூண்டில் ஏறிச் சொல்ல எனக்கு வாய் வரும். நீ என் தம்பி, வேறு யாரும் எனக்கு இல்லை. ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி. அது அவர் கை என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? சுற்றி வளைக்காமல் எழுது.

அக்கா


மார்ச் 15

அக்கா,

தெரியாது. போதுமா?

தெருமுனையில் டயர் எரிந்துகொண்டிருந்தது. புகை கண்ணைத் திறக்க விடவில்லை. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று ஊரே கிளம்பி வந்திருந்தது. மருந்துக்கடையைப் பெயர்த்து எடுத்தாயிற்று, அடுத்து நம் கடைதான். அந்த நேரத்தில் ஷட்டருக்கடியில் வந்த கைக்கு நான் ஜாதகமா பார்த்துக்கொண்டிருக்க முடியும்? யானைக்கும் அடி சறுக்கும்.

உன் கடிதத்தில் ஒரு இடத்தில்தான் தையல்காரர் என்று வருகிறது, மற்ற இடமெல்லாம் அவர், அவர். மயக்கம் தெளியும்போது அவர் மெத்தையைத் தடவியதை நீ பார்த்திருக்கிறாய் என்றால் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறாய். அங்கே போய் உட்கார உனக்கு நேரம் இருக்கிறது. ஜெயில் வாசல் மட்டும் தூரமாகிவிட்டது.

இங்கே நிலைமை சரியில்லை. கை விளையாட்டு முந்தாநாளோடு முடிந்தது. சமையல்காரன் தானும் ஒரு தடவை கடைக்காரனாக இருக்க வேண்டும் என்று அடம் பிடித்தான். சரி என்று விட்டுக்கொடுத்தேன். அவன் ஒரு கரண்டிக் காம்பைத் தரையில் தேய்த்துக் கூராக்கி வைத்திருந்தது எங்களுக்குத் தெரியாது. வராந்தாவிலிருந்து ஒரு கை வந்ததும் அதைப் புறங்கையில் இறக்கித் தரையோடு குத்தி நிறுத்திவிட்டான். வெளியே அந்த ஆள் அலறுகிறான், இழுத்தால் கிழிகிறது, இவன் காம்பின் மேல் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டு சிரிக்கிறான். வார்டர்கள் வந்து எங்கள் மூவரையும் தடியால் வெளுத்தார்கள். எனக்கு இடது காதில் இன்னும் இரைச்சல் நிற்கவில்லை. சமையல்காரன் "வெளையாட்டு சார், ஜாம்பின்னு நெனச்சுட்டேன்" என்று அழுதான். அந்த ஆளுக்கும் அவனுக்கும் பழைய பகை என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் நம்பவில்லை.

வேண்டுமென்றே குத்தினான் என்று வார்டர்களிடம் நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று இப்போது அவன் சொல்லிக்கொண்டு திரிகிறான். வழக்கு ஏப்ரல் மாதம் நாலாம் தேதி வருகிறது. வருவாயா, மாட்டாயா? அதை மட்டும் சொல்.

தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

தவளை தன் வாயால் கெடும். சாம்பல் பூசினாலும் மோதிரம் மாற்றினாலும் ஒரு கைகூடத் தப்பவில்லை என்று முதல் கடிதத்தில் பீற்றிக்கொண்டாய். அடுத்த கடிதத்தில் யானைக்கு அடி சறுக்கிவிட்டது.

விளையாட்டில் வரும் கைகளை நான் எங்கிருந்து வரைந்தேன்? நம் கடைக்கு வருகிறவர்களின் கையைப் படம் எடுத்துத்தானே! முதலில் எடுத்தது அவர் கையை. கட்டைவிரல் கணுவில் கத்தரிக்கோல் காய்ப்பு, கொஞ்சம் உள்ளே வளைந்த சுண்டுவிரல். அந்தக் கைக்கு நீ நாள் தவறாமல் பால்பவுடர் எடுத்துக் கொடுத்திருக்கிறாய், விளையாட்டிலும் கடையிலும். உன்னை ஏமாற்றுவதற்கென்றே ஒருநாள் அதற்குப் பச்சை நிறம் அடித்து, நகங்களை அழுகவைத்து, சதையைக் கிழித்துத் தொங்கவிட்டேன். நீ கோடாலியைத் தொடக்கூட இல்லை. "இது தையக்காரர் கைக்கா, செத்தாலும் எனக்குத் தெரியும்" என்றாய்.

போதாததற்கு, அவர் குரலும் கொடுத்திருக்கிறார். "தம்பி, நான்தான்" என்று சொன்னாராம். அதற்கப்புறம்தான் முதல் வெட்டு விழுந்திருக்கிறது.

நீ கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தோம். உன்னிடம் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மூடு எப்போது நன்றாக இருக்கும் என்று பார்த்துப் பார்த்தே நாள் போய்விட்டது. இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் நான் அப்படித்தான் காத்திருந்தேன்.

விளையாட்டை வாங்குகிற கம்பெனிக்காரர்கள் செய்தியைப் பார்த்துவிட்டு, கோடாலியை எடுத்துவிட்டு வேறு ஏதாவது வைக்க முடியுமா என்று கேட்கிறார்கள். அது உன்னைக் கெடுத்தது என்று நானே கோர்ட்டில் சொன்னால் அது குப்பைக்குத்தான் போகும். போகட்டும், அதற்காக நான் மறுக்கவில்லை. உன்னை வெளியே கொண்டுவரும் என்றால் எரித்தும் விடுவேன். தெரியாமல் செய்தாய் என்று ஒரு நிமிஷம் நம்ப முடிந்தால் போதும், நாளைக்கே வந்து சொல்கிறேன். எனக்கு நம்ப வரவில்லை.

நாலாம் தேதி வருவேன். என்ன சொல்வேன் என்று இன்னும் எனக்கே தெரியாது.

அக்கா


மார்ச் 25

அக்கா,

தெரியும். கட்டைவிரலைப் பார்த்ததுமே தெரியும்.

நடந்ததைக் கேள். மத்தியானத்திலிருந்து ஷட்டரை முழங்கால் உயரத்தில் வைத்து, கேட்டவர்களுக்குப் பாலும் பிரெட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன். முழுக்க மூடியிருக்கலாம். பிள்ளைக்காரிகள் வந்து நிற்கும்போது எப்படி மூடுவது? குனிந்து பார்த்தால் தெரு முழுக்கத் தெரிந்தது. மருந்துக்கடைக்காரர் மனைவியை முடியைப் பிடித்துக் கண்ணாடிச் சில்லுகள் மேலேயே இழுத்துக்கொண்டு போனார்கள். சேலையை உருவினார்கள். மருந்துக்கடைக்காரர் தடுக்கப் போக, ஒருவன் சைக்கிள் செயினை அவர் முகத்தில் சுழற்றி அடித்தான். கண் இருந்த இடம் சிவப்பாகத் தொங்கியது. நான் ஷட்டரைக் கீழே இழுத்தேன். கடைசி ஒரு சாண் இருக்கும்போது ஒரு கை வந்து அடிப்பட்டையைப் பிடித்துக்கொண்டது.

"தம்பி, நான்தான், தூக்கு" என்றார். அவருக்குப் பின்னால் கால்கள், வெறும் கால்கள், தெரு நிறைய. அவர் முதுகில் அடி விழுவது எனக்குக் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் அவர் கை துடித்து இழுத்தது, ஷட்டர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. அவர் கைக்குப் பக்கத்தில் வேறு கைகளும் வந்தன. கையை விடுங்க, விடுங்க என்று கெஞ்சினேன். விடவில்லை. உள்ளே நீ இருந்தாய். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கதவைக்கூடத் தாழ் போடாமல்.

முதல் வெட்டு உனக்காக. யார் மேல் வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன். விரல்கள் தெறித்தன, பக்கத்திலிருந்த கைகள் எல்லாம் பின்வாங்கிவிட்டன. அவருடைய உள்ளங்கை மட்டும் பட்டையில் மாட்டிக்கொண்டு நின்றது. காலால் தள்ளிவிட்டிருந்தால் போதும். ஷட்டர் இறங்கியிருக்கும்.

நான் தள்ளவில்லை. மறுபடியும் வெட்டினேன். அதற்கு முந்தின நாள் நீங்கள் இருவரும் கிடங்கில் பேசியதை நான் கேட்டுவிட்டேன், அக்கா. கடையைக் கொடுத்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று அவர் சொன்னார். நீ சரி என்றாய். என்னைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அப்பா போனபின் நீதான் எனக்கு அம்மா, அப்பா எல்லாம். அது அவ்வளவு லேசாக முடிந்துவிட்டது. இரண்டாவது வெட்டு எலும்பில் இறங்கியபோது எனக்கு நன்றாக இருந்தது. மூன்றாவதும் அப்படித்தான். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

இப்போது எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனாலும் பொய் சொல். எனக்காக ஒரே ஒரு பொய். நேற்று குளியலறையில் சமையல்காரன் என்னைச் சுவரோடு வைத்துக் கழுத்தில் எதையோ கீறினான். ஆழமில்லை. அடுத்த தடவை ஆழமாக இறங்கும் என்று காதில் சொல்லிவிட்டுப் போனான். பத்து வருஷம் இங்கே இருந்தால் உன் தம்பி பிணமாகத்தான் வெளியே வருவான். நான் கெட்டவன்தான், ஆனால் சாக எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

நான் கூண்டில் சொன்னதை நீ கேட்டாய். உன் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை, அதில் இருந்ததையும் சொல்லவில்லை. விளையாட்டைப் பற்றி வக்கீல் கேட்டார், சொன்னேன். கையைப் பார்த்து அவன் குழம்பியிருக்கலாம் அல்லவா என்று கேட்டார். உன்னைப் பார்க்காமல் பதில் சொல்லிவிட நினைத்தேன், முடியவில்லை. உன் கழுத்துக் கட்டு தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான், என் தம்பி கையை அடையாளம் காண்பதில் ஒருநாளும் தவறியதில்லை என்று சொன்னேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். உன்னைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் படி இறங்கினேன்.

அதன் பிறகு அவர் கூண்டில் ஏறினார். "நான் ஒண்ணும் சொல்லலை, கூப்பிடவே இல்லை. அந்தப் புகையில அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார். பொய் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். கையை இழந்தவனே சொல்லும்போது நீதிபதி வேறு யாரை நம்புவார்? நான் தையல்காரருக்கு வேண்டியவள், அதனால் தம்பி மேல் வன்மம் என்றுகூட உன் வக்கீல் பேசினார். அடுத்த வருஷமே நீ வெளியே வந்துவிடுவாய் என்கிறார் வக்கீல். அதுவரை வேறு கட்டிடத்துக்கு உன்னை மாற்றுவதற்கு மனு போட்டிருப்பதாகக் குமாஸ்தா சொன்னார். நிம்மதியாக இருந்தது, அதை மறைக்கவில்லை. கோர்ட்டுக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

உனக்குத் தெரியாத ஒன்று அதன் பிறகு நடந்தது. வெளியே படிக்கட்டில் அவரைப் பிடித்துக்கொண்டேன். ஏன் பொய் சொன்னீர்கள், என்னைப் பொய்க்காரி ஆக்குவதற்கா என்று கேட்டேன். அவர் உட்கார்ந்துவிட்டார். சட்டையின் வெறும் கையை மடித்து மடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தார். ஒற்றைக் கையால் சரியாக வரவில்லை. நான் உதவவில்லை.

"அவன் விடச் சொல்லிக் கெஞ்சினான்" என்றார். "நீ உள்ள இருக்கேன்னு எனக்குத் தெரியும். ஷட்டர் ஏறுனா உன்னை என்ன பண்ணுவாங்கன்னும் தெரியும், மருந்துக்கடையில கண்ணால பார்த்துட்டுத்தான் ஓடி வந்தேன். எல்லாம் தெரிஞ்சும் தூக்கினேன். எனக்கு உயிர் வேணும்னு இருந்துச்சு. அவன் வெட்டலைன்னா தூக்கியிருப்பேன். அவனைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரலை."

ஊசி கீழே விழுந்தது, எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். உயிருக்குப் பயந்தவரைத் திட்ட முடியுமா? என்னைக் காப்பாற்றியவனைத்தான் வெறுக்க முடியுமா? இரண்டும் முடியவில்லை. ஆனால் அந்த ஒரு சாண் இடைவெளியில் இரண்டு பக்கமும் நீங்கள் இருவரும் இருந்தீர்கள், என்மேல் உயிரையே வைத்திருக்கிறோம் என்று சொன்ன இருவரும். ஒருவர் எனக்கு என்ன நடந்தாலும் பரவாயில்லை என்று தூக்கினார். நீ என் பெயரைச் சொல்லி வெட்டினாய், வெட்டச் சுகமாக இருந்தது என்று உன் கையாலேயே எழுதினாய்.

விளையாட்டை முடித்துக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். கோடாலியை எடுக்கவில்லை. நடந்ததற்கு விளையாட்டு காரணமில்லை என்று சத்தியம் செய்து சொன்னவள் அதில் கை வைக்கக் கூடாது என்று தோன்றியது. அப்படியே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். கடைச் சாவியைக் குமாஸ்தாவிடம் கொடுத்திருக்கிறேன். கடை உனக்கு. ஷட்டரில் வெட்டுப்பட்ட பட்டையை மட்டும் மாற்றச் சொல்லி ஆள் பார்த்து வைத்திருக்கிறேன்.

கல்யாணப் பேச்சு முடிந்துவிட்டது. அவரிடம் நேரில் சொல்லிவிட்டேன், அவர் தலையை ஆட்டினார்.

உங்கள் இருவர் மேலும் எனக்கிருக்கும் பிரியம் போய்விடவில்லை. ஆனால் பயம் வந்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிற ஆட்களோடு ஒரு கூரைக்குக் கீழே என்னால் தூங்க முடியாது. அதனால்தான் இந்தக் கடிதத்தில் முகவரி எழுதவில்லை.

அக்கா